பழைய கார் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடிப் போகும் வழிமுறை

நான் முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய காரில் செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுற்றியது. புதிய பேட்டரி போட்டேன். பிறகு செல்ஃப் மோட்டாரையே மாற்றினேன். பிறகு பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயில், ஸ்பார்க் பிளக் என்று வரிசையாக வாங்கினேன். கடைசியில் பழுது இருந்த இடம், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் அடியில். புதிதாகப் பெயின்ட் அடித்த இரும்பின் மேல் யாரோ அந்தப் பட்டையை அப்படியே முடுக்கியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கியதும் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அளந்து பார்க்காமல் எதையும் கழற்றுவதில்லை, கழற்றிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்ற பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது. இந்த வழிமுறை முழுவதும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இங்கே சொல்பவை கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் உறுப்பு) பாயின்ட்டும் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சிறு சுவிட்ச்) கொண்ட பெட்ரோல் கார்களுக்கானவை. தந்திருக்கும் அளவுகள் பொதுவானவை. உங்கள் காரின் பணிமனைக் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்க வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது), டைமிங் லைட் (பொறி பாயும் நேரத்தை, அதாவது டைமிங்கைப் பார்க்க உதவும் விளக்கு), ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நேற்று வரை ஓடிய கார் இன்று ஓடவில்லை என்றால் நேற்று எதைத் தொட்டோம் என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் அந்த நோட்டில்தான் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பல ஆண்டுகள் நின்ற கார், இன்னும் கிளப்பிப் பார்க்கவில்லை

இது பழுது இல்லை. ஆனால் இங்கே காட்டும் அவசரம் பெரிய பழுதாக முடியும். சாவியைத் திருப்ப வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி ஊறவிடுங்கள். சிலிண்டர் சுவரில் படிந்த துரு பிஸ்டன் ரிங்கைப் பிடித்திருக்கும் நிலையில் செல்ஃபால் இழுத்தால் ரிங் உடையும்.

டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை முழுவதும் வடித்துவிடுங்கள். ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே இளக்கிவிடும். வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் இதைத் தாங்கும். நான் இதில் மட்டும் சிக்கனம் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் சூடான என்ஜினின் மேல் பெட்ரோல் கசிந்தால் காரே மிஞ்சாது.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று மட்டும் கேட்கிறது, அல்லது செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 10 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. அங்கேயே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கலாம். வேறொரு நல்ல பேட்டரியைப் போட்டுப் பார்த்தால் எது என்று பிரித்துவிடலாம்.

பேட்டரியில் வோல்ட் நன்றாக இருக்கிறது, செல்ஃப் மட்டும் மந்தம் என்றால் இழப்பு வழியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை ஒருமுறை கற்றுக்கொண்டால் காரின் மின் பழுதுகளில் பெரும்பகுதியை நீங்களே பிடித்துவிடலாம். காயிலுக்குப் போகும் சிறிய கம்பியைக் கழற்றிவிடுங்கள், என்ஜின் பிடிக்காது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறு முனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வந்தால் நல்லது. 0.5-க்கு மேல் போனால் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்கோ மோசமான இணைப்பு இருக்கிறது. இப்போது மீட்டரின் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: கம்பத்திலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிள் நுனி, கேபிள் நுனியிலிருந்து பாடி, பாடியிலிருந்து என்ஜின். எண் எந்த இடத்தில் எகிறுகிறதோ அங்கேதான் பழுது. இதே முறையில் பேட்டரியின் மற்றொரு கம்பத்திலிருந்து சோலனாய்டு (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) வழியாகச் செல்ஃப் வரை அளக்கலாம்.

அந்த இணைப்பை ஓம் அளவில் சோதித்தால் ஏன் தெரியாது என்று ஒருவர் என்னைக் கேட்டார். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும். சாதாரண மல்டிமீட்டர் 0.01 ஓமைக் காட்டவே காட்டாது; கம்பி நன்றாக இருக்கிறது என்று உங்களை நம்பவைத்துவிடும். அதனால் சுமை ஏறிய நிலையில் வோல்ட்டை அளப்பதே வழி.

ஓர் எச்சரிக்கை. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பேட்டரியை மாட்டும் முன் கையேட்டைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

தீப்பொறி இருக்கிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டு கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். கார்புரேட்டரைப் பிரிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் என் நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் பழுது தீப்பொறிப் பக்கம்தான் இருந்திருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் (மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் உறுப்பு) நடுவில் செருகியிருக்கும் தடித்த கம்பியைப் பிடுங்கி, காப்புறை உள்ள குறடால் பிடித்து, என்ஜின் உலோகத்திலிருந்து ஏறத்தாழ 6 மி.மீ. தள்ளி வையுங்கள். அருகே பெட்ரோல் கசிவோ வாடையோ இருக்கக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது நீலநிறத்தில் ‘சடக் சடக்’ என்று பாய்ந்தால் காயில் வரை எல்லாம் சரி. பின்னர் பொருத்திய எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், அதன் சுற்று கருகக்கூடும். ஒரு பிளக்கை என்ஜினில் எர்த் செய்து வைத்து அதில் பாருங்கள்.

பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து இருக்கிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள். பல நான்கு சிலிண்டர் என்ஜின்களில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் பாயின்ட் முழுவதும் திறந்திருக்கும்போது அளக்க வேண்டும். பழைய பாயின்ட்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் இருக்கும். அதன் நடுவே ஃபீலர் கேஜை விட்டால் பொய்யான அளவே கிடைக்கும். புதிதாகப் போடுங்கள், அல்லது டுவெல் மீட்டரால் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) அமையுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் முதலில் பாயின்ட், அதன் பிறகே டைமிங். பாயின்ட் நீலம்பாரித்துக் கருகியிருந்தாலோ, திறக்கும்போது தடித்த பொறி தெறித்தாலோ பாயின்ட்டில் எழும் பொறியை அடக்கும் கண்டென்சர் போய்விட்டது. பாயின்ட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

காயில் கம்பியில் நல்ல பொறி, பிளக்கில் மட்டும் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைச் சந்தேகியுங்கள். புதிதாக வாங்கியது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். மூடி திறந்த நிலையில் காயிலின் தடித்த கம்பியை ரோட்டரின் நடு உலோகத்துக்கு 3 மி.மீ. மேலே பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி பாய்ந்தால் ரோட்டர் உள்ளுக்குள் ஓட்டையாகி மின்சாரத்தைத் தண்டுக்கு எர்த் செய்கிறது. பாயாமல் இருந்தால் ரோட்டர் நல்லது. மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போல மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அது விரிசல், துடைத்தால் போகாது.

என்ஜினைப் பிரித்துச் சேர்த்த பிறகு கார்புரேட்டர் வழியாக ‘பட்’ என்று திருப்பி வெடிக்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று தவறி உட்கார்ந்திருக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும் ஒரு முழுச் சுழற்சியில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். அதில் ஒன்றுதான் எரியும் முறை. முதல் பிளக் துளையில் விரலை வைத்து என்ஜினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும் முறைதான் சரியானது. அப்போது ரோட்டர் முதல் சிலிண்டரின் கம்பியைப் பார்த்து நிற்க வேண்டும். வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ளவற்றில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசை, சிலவற்றில் 1-2-4-3.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல். காயில் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குள் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். சொட்டினால் பம்ப்பின் டயாஃப்ரம் (உறிஞ்சும் சவ்வு), அடைத்த ஃபில்டர், டேங்கின் அடியில் துரு என்று பின்னோக்கிப் போங்கள். பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள ஹோஸில் சிறு விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

காலையில் உடனே கிளம்புகிறது, அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது

வீட்டில் கார் பார்ப்பவர்களை மிகவும் சோர்வடைய வைக்கும் பழுது இதுதான், ஏனென்றால் ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும். பிடிப்பதற்கு ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பது. அதனால் தேவையான கருவிகளைக் காரிலேயே வைத்துக்கொண்டு போங்கள்.

நின்றதும் முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்ப்பால் இழுக்க முடியவில்லை. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அது இல்லை என்றால் மேலே சொன்ன தீப்பொறிச் சோதனை. பொறி மறைந்திருந்தால் காயில் அல்லது கண்டென்சர். காயில் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட முடியாத சூடு இயல்பு இல்லை. அதன் முதன்மைச் சுருளின் தடையை ஆறிய பிறகு அளந்து பாருங்கள். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் காயிலில் ஏறத்தாழ 3 ஓம் இருக்கும். பாலாஸ்ட் தடையுடன் (கரண்டைக் குறைக்கத் தனியே வைக்கும் தடை) ஓடும் காயிலில் ஏறத்தாழ 1.5 ஓம். இந்த இரண்டாவது வகையைப் பாலாஸ்ட் இல்லாத காரில் யாராவது மாட்டியிருந்தால் 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் ஓடும். காயில் வெந்துபோகும், பாயின்ட்டும் கருகும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பொறி நன்றாக இருந்து பெட்ரோல் மட்டும் வரவில்லை என்றால் ஆவியடைப்பு. இன்றைய பெட்ரோல், அழுத்தத்தோடு மூடிய குழாய்களில் பாயும் இன்ஜெக்‌ஷன் கார்களை நினைத்துத் தயாராகிறது. பழைய காரில் பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. அழுத்தம் குறைந்த அந்தக் குழாயில் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் கொதித்துக் குமிழியாகிவிடுகிறது. குழாய் சைலன்சர் பக்கத்திலோ என்ஜின் மேலோ தொட்டுக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். அதை நகர்த்தி, கார்புரேட்டரின் அடியில் வெப்பம் கடத்தாத தடித்த ஃபீனாலிக் தகட்டையும், எக்ஸாஸ்ட்டுக்கு மேல் வெப்பத் தடுப்பு உலோகத் தகட்டையும் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மின்சாரப் பெட்ரோல் பம்ப் போடுவதாக இருந்தால் டேங்குக்கு அருகில் போடுங்கள்; அது இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் கெட்டி.

ஓட்டத்தில் நிற்காமல், நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பும்போது மட்டும் முரண்டு பிடித்தால் அது வேறு. கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் சூட்டில் பொங்கி என்ஜினுக்குள் வழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட வேண்டாம், இன்னும் நனையும்.

ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) என்ஜின் வேகம் ஏறி இறங்குகிறது, எங்கோ சீறல் கேட்கிறது

தேவையில்லாத காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டர் அடி கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டு, வேக்குவம் ஹோஸ், பிரேக் சர்வோ (பிரேக்கை மிதிக்கும் பலத்தைக் கூட்டும் உறுப்பு) என்ற நான்கு இடங்களைப் பாருங்கள். எரியும் ஸ்ப்ரேயைச் சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் அடித்துக் கசிவு தேடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை, உங்களையும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். தெளிப்பானில் தண்ணீர் எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் தவிர்த்து, சேருமிடங்களில் மெல்லத் தெளியுங்கள். ஓட்டத்தின் ஒலி ஒரு கணம் மாறும் இடத்தில் கசிவு. சர்வோவுக்குப் போகும் ஹோஸை நசுக்கிப் பிடித்ததும் ஓட்டம் சீரானால் சர்வோவின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது ஐடிலிங் தொல்லையோடு நிற்காது, பிரேக்கையும் கடினமாக்கும்.

கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தேய்ந்து ஆடினால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. தண்டையும் புஷ்ஷையும் மாற்றிய பிறகே டியூனிங்.

ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் திணறல்

கார்புரேட்டரின் வாயில் பார்த்துக்கொண்டே, என்ஜின் நின்ற நிலையில், த்ராட்டிலைத் திறங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள வகையில் பெட்ரோல் ஒரு கோடாகப் பாய வேண்டும். எஸ்.யூ., ஸ்ட்ரோம்பெர்க் சி.டி. என்ற கார்புரேட்டர் வகைகளில் அந்தப் பம்ப் இல்லை. மேல் குப்பியில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் வற்றியிருக்கும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்தட்டு நகர்ந்து, குழாயை விரலால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்தது.

சைலன்சரில் புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் திறக்காமல் மாட்டியிருக்கும், கார்புரேட்டரின் ஊசி வால்வு கசியும், அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கும். மிதவையைக் காதோரம் ஆட்டினால் தளும்பும் ஓசை கேட்கும். வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சற்று நேரம் வந்து மறைந்தால் வெறும் நீராவி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாடையுடன் தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில். அது எப்போது வருகிறது என்பது முக்கியம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி அழுத்தும்போது வந்தால் வால்வு கைடும் சீலும். இழுவையில் ஏறும்போது வந்தால் ரிங்.

உறுதிசெய்யக் கம்ப்ரஷன் சோதனை. என்ஜின் சூடாக, எல்லாப் பிளக்குகளும் வெளியே, த்ராட்டில் முழுவதும் திறந்து இருக்க வேண்டும். எத்தனை பி.எஸ்.ஐ. என்பதைவிடச் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

நீண்ட காலம் நின்ற காரில் இந்த எண்களைப் பார்த்து என்ஜினை உடனே பிரித்துவிடாதீர்கள். ஒட்டிக்கொண்ட ரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் விடுபட்டு நன்றாக வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டி, ஆயில் மாற்றி, மறுபடி அளங்கள்.

எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடுவது) சரிசெய்தும் சரிசெய்தும் குறைந்துகொண்டே வருகிறதா? ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவான என்ஜின்களில் வால்வு உட்காரும் இருக்கை மென்மையானது. ஈயமில்லாத பெட்ரோலில் அது தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கை வளையம் போட்டுவிடுவதே நிரந்தரத் தீர்வு.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்று சொல்லுங்கள், எங்கே தேடுவது என்று சொல்லிவிடலாம். நெரிசலில் மெதுவாக ஊரும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றுக் குறை: ஃபேன், ஃபேன் பெல்ட், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள மறைப்பு. வேகமாகப் போகும்போது ஏறினால் நீரோட்டக் குறை: உள்ளே அடைத்த ரேடியேட்டர், அல்லது பம்ப்பின் உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். கிளப்பிய சில நிமிடங்களிலேயே குமிழி கிளம்பினால் ஹெட் கேஸ்கெட். டைமிங் பின்தங்கியிருந்தாலும் என்ஜின் சூடாகும்; ரேடியேட்டரை மாற்றும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், உண்மையாகவே சூடாகிறதா? பல பழைய கார்களில் சூட்டு முள்ளுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் ஒரே வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர்தான் மின்சாரம் கொடுக்கிறது. அது பழுதானால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். பெட்ரோலும் இருப்பதைவிட அதிகமாகக் காட்டினால் ரேடியேட்டரை விட்டுவிட்டு டாஷ்போர்டுக்குப் பின்னால் போங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்க வேண்டாம். 0.5 பார் அழுத்தத்தில் தண்ணீர் 111 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் முழுவதும் பொங்கி முகத்தில் அடிக்கும். கொதிப்பதை மறைக்க அதிக அழுத்த மூடியைப் போடுவதும் தவறு, பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று பிளந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதற்குப் பதிலாக ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கிப் பாருங்கள். அதன் மேல் அச்சிட்ட வெப்பநிலையில், பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். ரேடியேட்டர் சுத்தம், தெர்மோஸ்டாட் நல்லது, பம்ப் நல்லது, இன்னும் சூடு என்றால் என்ஜின் பிளாக்கின் கோர் பிளக்கை (பக்கத்துத் துளையை அடைத்திருக்கும் உலோக மூடி) கழற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓடிய என்ஜினில் பின்சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு களிமண் போல இறுகியிருக்கும். கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

பிரேக் சரியில்லை

பிரேக் சரியாகும் வரை கார் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது. பக்கத்துத் தெரு வரைக்கும்கூட.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் குழாயில் காற்று. ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்தால் பெரும்பாலும் டிரம் பிரேக்கின் ஷூ தளர்ந்திருக்கிறது. காற்றெடுக்கும் முன் ஷூவை நெருக்கி அமையுங்கள். அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றால் உடனே காலிப்பரை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உறுப்பு) வாங்கிவிடாதீர்கள். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து விடுங்கள். பிடித்த நிலையில் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறங்கள். அப்போதும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டன் துருவேறி மாட்டியிருக்கிறது. விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்துவிட்டு, இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே விடவில்லை என்றால் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வு போல் ஆகிவிட்டது. அங்கேயும் விட்டால் தவறு மாஸ்டர் சிலிண்டரில். பெடல் தண்டில் கொஞ்சமும் தளர்வு விடாமல் அமைத்திருப்பார்கள். சூடேறச் சூடேற நான்கு சக்கரமும் பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இதனோடு கலக்கக் கூடாது. ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ஊதிப் பாழாகும். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஃப்யூஸ் போட்டதும் போய்விடுகிறது

ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். வயர்க்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மங்கும் இடத்தில் பழுது. பெரிய ஃப்யூஸ் போடுவது தீர்வாகாது, வயரே ஃப்யூஸாகிவிடும்.

டைனமோ உள்ள காரில் ஐடிலிங்கின்போது சார்ஜ் விளக்கு மினுக்குவது பழுது அல்ல. வேகம் கூடியதும் அணைந்தால் போதும்.

மாற்றியமைத்த பிறகு வந்த தொல்லைகள்

முன்சக்கரத்தில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டீர்கள், இப்போது டிஸ்க் எப்போதும் உரசிச் சூடாகிறது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் பெரும்பாலும் ஒரு மீதழுத்த வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுத்துவைக்கும் ஸ்பிரிங் இருப்பதால் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. நிரந்தரமாக நிற்பது அங்கே நல்லது. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லை, பேடு அழுந்தியே இருக்கும். அந்த வால்வை முன்பக்கச் சுற்றிலிருந்து நீக்க வேண்டும். காலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் தேவை என்பதால் மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். டிஸ்க்கும் காலிப்பரும் மட்டும் வாங்கினால் இந்த மாற்றம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

பெரிய ஹெட்லைட் போட்டதும் டாஷ்போர்டில் கருகல் வாடை வருகிறது. 100 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 16 ஆம்பியருக்கு மேல். பழைய சுவிட்ச் அதில் பாதிக்குக்கூடச் செய்யப்பட்டிருக்காது. ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த வயர் இழுங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடும்போதும் இதே கணக்குதான். 20, 25 ஆம்பியருக்கு அமைந்த வயரில் அதைப்போல் இரு மடங்கு ஓடினால் வெந்துபோகும்.

கதவு சரியாக மூடவில்லை

கீலைத் திருகும் முன் காரை ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினால் கதவில் தவறில்லை. அடியில் இருக்கும் பெட்டிச்சட்டம் துருவில் போய்விட்டது, பாடி நடுவில் தொய்கிறது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்தச் சட்டத்தின் நெடுக ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினாலும் ஒலி மந்தமாக மாறும்.

வெட்டி வெல்டிங் செய்வதானால் முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து இறுக்குங்கள். கதவின் நான்கு மூலைகளிலும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்ட வேண்டாம். ஒரு பக்கத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, புதிய தகட்டை ஒட்டி, நீர் வடியும் துளைகளை மறக்காமல் திறந்துவைத்து, ஆறிய பிறகு அதே நான்கு மூலைகளை மறுபடி அளங்கள். எண்கள் மாறியிருந்தால் ஒட்டியதை விடுவித்து ஜாக்கியால் மெல்ல ஏற்றிச் சரிசெய்யுங்கள். நோட்டில் உள்ளதோடு ஒத்துப்போனால் மட்டும் அடுத்த பக்கத்தில் வெட்டத் தொடங்குங்கள்.